ஒரு வலது கைக்கு இரண்டு குற்றவாளிகள்

வலது கை, முழங்கைக்கு மேலோடு போனால் நாற்பதாயிரம் டாலர். இடது கை முப்பத்திரண்டாயிரம். கட்டைவிரல் மட்டும் என்றால் எட்டாயிரம். சுண்டுவிரலுக்குக் கம்பெனி மனமிரங்கி ஆயிரத்து ஐந்நூறு போட்டிருந்தது.

டுவேன் பெல்கி அந்த விலைப்பட்டியலை ஸ்டியரிங் மேல் விரித்துவைத்துப் படித்துக்கொண்டிருந்தான்.

"பாஸ், ரெண்டு கைக்கும் நடுவுல எட்டாயிரம் வித்தியாசம். எங்கப்பா கூட வலது கதவுக்கும் இடது கதவுக்கும் ஒரே விலைதான் போடுவாரு."

"உங்கப்பா கதவே இல்லாத காரையும் வித்தவரு. வண்டியை எடு."

இல்மா கங்காஸ் மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் அடைத்த பாஸ்ட்டியைக் கடுப்போடு கடித்தாள். இருபத்தொரு வருடமாக இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காகப் பொய் பிடிக்கிறவள். அவளுக்கு உதவியாளாக டுவேன் சேர்ந்து நான்கு வருடம். பழைய கார் வியாபாரியின் மகன். ஒருவன் எதை மறைக்கிறான் என்பதை அவன் எதைப் புகழ்கிறான் என்பதிலிருந்து கண்டுபிடிக்கத் தெரிந்தவன். ஆனால் இந்த வழக்கில் யாரும் எதையும் மறைக்கவில்லை. அதுதான் பிரச்சினை.

ஆறு நாளுக்கு முன்னால், ரெய்னோ சாரிக்கோ என்ற ஓய்வுபெற்ற லேத் மெஷின்காரர், தன் கொட்டகையிலேயே ஒன்பது வருடம் வெல்டிங் செய்து கட்டிய நீர்மூழ்கியை சுப்பீரியர் ஏரியில் நூற்றெண்பது அடிக்கு இறக்கினார். அந்தக் கோடையில் அதுதான் முதல் ஆழ முங்கல். பத்திரமாக மேலே வந்தார். டிரெய்லரில் ஏற்றினார். ஒரு பேட்டரி சோர்ந்திருந்ததால் வலப்பக்க உருளையின் மூடியைத் திறக்கப் போனார். எட்டு போல்ட்டில் ஆறு கழன்றதும் மிச்சம் இரண்டும் தாமாகவே அறுந்துகொண்டன. மூடி பீரங்கிக் குண்டு மாதிரி கிளம்பியது. அதன் பாதையில் அவர் கை இருந்தது.

அந்தக் கரையோரத்தில் சொந்தமாக நீர்மூழ்கி கட்டுகிறவர்கள் பதினொரு பேர். அவர்களுக்கு ஒரு சங்கம். சங்கத்துக்கு ஒரு விதித்தாள். அதை எழுதியவர் ரெய்னோ.

படகின் இரு பக்கமும் கட்டியிருந்த பேட்டரி உருளைகளைப் பற்றி டுவேனுக்கு முதல் நாளே பாடம் நடந்துவிட்டது. கீழே போகப் போகத் தண்ணீர் நெருக்கும். அதைத் தாங்க ஒரு அங்குலத் தகட்டில் உருளை செய்தால் படகு மிதக்காது. அதனால் மெல்லிய தகட்டில் செய்து, வெளியே எவ்வளவு நெருக்குகிறதோ அவ்வளவு காற்றை உள்ளேயும் விட்டுவிடுவார்கள். முங்குபவர்கள் வாயில் கடிக்கும் ரெகுலேட்டர் ஒன்று அந்த வேலையைத் தானாகவே பார்த்துக்கொள்ளும். இரண்டு பக்கமும் சமமென்றால் தகட்டுக்கு வலிக்காது. ஆனால் மேலே வரும்போது வெளிநெருக்கம் குறையும், உள்ளே போன காற்று அப்படியே இருக்கும். அதை வெளியேற்ற உருளையின் அடிவயிற்றில் ஒரு ரிலீஃப் வால்வு. அது திறக்காவிட்டால் உருளை ஒரு வெடிகுண்டு.

"அதாவது கொள்முதல் நடக்குது, விற்பனை நடக்கல. சரக்கு குடோனை உடைச்சுக்கிட்டு வருது" என்று அப்போது டுவேன் சொன்னான். அவனுக்குப் புரிந்தது அவ்வளவுதான். அதுவே போதுமாக இருந்தது.

விபத்தன்று ஆம்புலன்ஸ் போனபிறகு போலீஸ் துணை அதிகாரி ஹார்வி, வலது உருளையின் அடியில் பார்த்தார். வால்வு இருக்க வேண்டிய ஓட்டையில் வால்வு இல்லை. குழாயை அடைக்கிற ஒரு பித்தளை டம்மி இருந்தது.

*

ஆஸ்பத்திரியில் ரெய்னோ சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். இல்மா நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"மூணாவது தடவையா சொல்றேன். எழுதிக்கோ. டம்மியை நான்தான் போட்டேன், நான்தான் மறந்தேன்."

"எதுக்குப் போட்டீங்க?"

"சோப்பு சோதனைக்கு. எல்லாரும் பண்றதுதான். வால்வைக் கழட்டிட்டு டம்மி போட்டு, கொஞ்சம் காத்தடிச்சு, இணைப்பு மேலெல்லாம் சோப்புத் தண்ணி தடவணும். குமிழி விட்டா கசிவு. முடிஞ்சதும் வால்வைத் திருப்பி மாட்டணும்."

"சோதனை ஐலா பண்ணினதா சங்கத்துல சொன்னாங்க."

"சங்கத்துல ஆயிரம் சொல்வாங்க. என் பொண்ணு அன்னிக்கு அந்தப் பக்கமே வரலை."

"டம்மி மரையில என்ன கலர் டேப் சுத்தினீங்க?"

ரெய்னோ திரும்பினார். முகத்தில் முதல் தடவையாக ஒரு தடுமாற்றம். "மஞ்சள்."

"சரி."

"அவ வெளியில நிக்கிறாளா?" என்று கேட்டார். கேட்டதற்காகவே தன்மேல் கோபப்பட்டவர்போல மறுபடி சுவரைப் பார்த்துக்கொண்டார். ஐலா வரவில்லை. ஆறு நாளில் ஒரு நாள்கூட வரவில்லை. காலையிலும் மாலையிலும் நர்சுக்கு மட்டும் போன் செய்கிறாள்.

*

ரெய்னோவின் கொட்டகையில் வெல்டிங் டார்ச் அணைந்து கிடந்தது. ஐலா சாரிக்கோ, இருபத்தொன்பது வயது, ஒரு கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருந்தாள். அப்பாவின் தோள், அப்பாவின் பிடிவாதம்.

"நேத்து வரைக்கும் ஞாபகமில்லைன்னு சொன்னேன். இன்னிக்கு சொல்றேன். நான்தான்" என்றாள்.

டுவேன் கண்ணை மூடிக்கொண்டான்.

"சோதனை நான் பண்ணினேன். டம்மியை எடுத்துட்டு வால்வை மாட்டினேன்னு கண்ணுல நிக்குது. கையில அந்தக் கிரீஸ்கூட. ஆனா டம்மி அங்கதானே இருந்துச்சு? அப்ப என் கண்ணு பொய். போலீஸ்காரர் சொன்னதை நான் எப்படி மறுக்கிறது?"

"எத்தனை டம்மி வச்சிருக்கீங்க?" என்று டுவேன் கேட்டான்.

அவள் ஒரு காப்பி டின்னைக் காலால் தள்ளினாள். உள்ளே நாற்பது ஐம்பது பித்தளை டம்மி. டுவேன் ஆசையோடு குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

"எண்ணி வைக்கிற பழக்கம்..."

"இல்ல."

"இருக்காது. எனக்கு வர்ற கேஸ்ல இருக்கவே இருக்காது."

"என்ன கலர் டேப்?" இல்மா கேட்டாள்.

"வெள்ளை. மூணு சுத்து. டேப் இல்லாம டம்மி போட்டா மரை வழியாவே காத்து போயிடும், சோதனையே வீண்."

"ஆஸ்பத்திரிக்கு ஏன் போகலை, ஐலா?"

"போய் எந்தக் கையைப் பிடிக்க?" என்றாள். அவள் கொட்டகையைப் பூட்டி, வெல்டிங் கருவிகளை விற்றுவிட்டு, ஊரைவிட்டே போகப்போவதாகச் சங்கத்தில் பேச்சு. பார்த்தால் வெறும் பேச்சாகத் தெரியவில்லை.

காரில் ஏறியதும் டுவேன் பொருமினான்.

"எங்கப்பா கடையில எல்லாரும் குத்தத்தை அடுத்தவன் தலையில கட்டுவாங்க. எஞ்சின் புகைஞ்சா முந்தின ஓனர், பிரேக் புடிக்கலைன்னா வானிலை. இங்க ஒரே குத்தத்தை ஏலத்துல எடுக்க ரெண்டு பேர் போட்டி போடுறாங்க பாஸ். யாருக்கு அடிச்சுக் குடுக்கிறது?"

"ஒருத்தர் மஞ்சள்ங்கிறார். ஒருத்தி வெள்ளைங்கிறா. சரக்கைப் பார்த்துட்டுச் சொல்றேன்."

*

போலீஸ் யார்டில் நீர்மூழ்கி டிரெய்லரோடு நின்றது. பெயர் 'முயிக்கு'. ஏரியில் பிடித்து வெண்ணெயில் பொரிக்கிற பொடி மீனின் பெயர். வாயிலில் ஹார்வி சங்கிலியைக் கழற்றிக்கொண்டே அலுத்துக்கொண்டார்.

"நீங்க வேற. அந்தத் தோய்மி கிழவன் தொல்லையே தாங்கலை. தினமும் ஏலக்காய் ரொட்டியும் காப்பியும் கொண்டாந்து, பத்து நிமிஷம் உள்ள விடு, பேட்டரி செத்துடும்னு கெஞ்சுறான். சாட்சிப் பொருளைத் தொடக் கூடாதுய்யான்னா கேக்க மாட்டேங்கிறான். ரொட்டி நல்லா இருக்கு, அது வேற விஷயம்."

தோய்மி ரெய்னோவின் பள்ளித் தோழன். சங்கத்தில் படகுகளைச் சோதித்துக் கையெழுத்துப் போடுகிறவர்.

இல்மா ஹார்வி கொடுத்த சாட்சி உறையைப் பிரித்து டம்மியை உள்ளங்கையில் போட்டாள். மரையை விரலால் தடவினாள். அவள் முகம் இன்னும் கடுகடுத்தது.

"மஞ்சளா, வெள்ளையா?" டுவேன் எட்டிப் பார்த்தான்.

"டேப்பே இல்லை."

"உரிஞ்சிருக்கும்."

"உரிஞ்சா மரை இடுக்குல நூலாவது நிக்கும். இது டேப்பையே பார்க்காத டம்மி. சோதனைக்குப் போட்டதில்லை."

"அப்ப ரெண்டு வாக்குமூலமும் போச்சு. காலையிலேர்ந்து ஓட்டின பெட்ரோலும் போச்சு."

இல்மா பதில் சொல்லாமல் டம்மியின் தலையைத் திருப்பினாள். ஆலன் கீ நுழைக்கிற ஆறுகோணக் குழி, உள்ளே புத்தம் புதிதாக மின்னியது. அவள் அதை அப்படியே பிடித்துக்கொண்டு, மழைக்கோட்டோடு தரையில் மல்லாந்து, டிரெய்லருக்கு அடியில் நகர்ந்து போனாள். டுவேன் குந்தி உட்கார்ந்தான்.

"படகு அடியில போய் எங்க உட்கார்ந்தது?" கீழிருந்து குரல்.

"டிராவர்ஸ் விரிகுடா. பழைய செம்பு ஆலைக்காரங்க கொட்டின கரும்பொடி மணல்ல. சங்கத்துல படமே காட்டினாங்க, வயிறு வரைக்கும் புதைஞ்சு உட்கார்ந்திருந்துச்சு."

"இடது உருளை வால்வைப் பார்."

டுவேன் தலையை நுழைத்தான். இடது உருளையின் அடிவயிற்றில் வால்வு இருந்தது, ஆனால் வால்வாகத் தெரியவில்லை. கிரீஸும் கருமணலும் சேர்ந்து, தோசைக்கல் மேல் கருகிய மாவு மாதிரி அப்பியிருந்தது.

"வலது பக்கமும் அதே மணல்ல தான் புதைஞ்சது. இந்த டம்மி கீழே போயிருந்தா, குழி நிறைய மணல் இருக்கணும். குழந்தை காது மாதிரி சுத்தமா இருக்கு."

டுவேனுக்கு விளங்க இரண்டு நொடி ஆனது. "டம்மி ஏரிக்கே போகலையா?"

"போகலை. மூடி வெடிச்சப்புறம், ஹார்வி குனிஞ்சு பார்க்கிறதுக்கு முன்னால மாட்டினது. ஆறு நாளா நாம தப்பான கேள்வியைக் கேட்டுக்கிட்டிருந்தோம். டம்மியை முன்னால யார் மறந்தாங்கன்னு கேட்டோம். பின்னால யார் போட்டாங்கன்னு கேட்கலை."

அவள் வெளியே வந்து, படகின்மேல் ஏறி, இடது உருளையின் மேல்பக்கத்தில் காற்றடிக்க வைத்திருந்த சைக்கிள் டியூபில் இருப்பது மாதிரியான வால்விடம் குனிந்தாள். என்ன செய்தாள் என்று டுவேனுக்குத் தெரியவில்லை. இறங்கும்போது முகம் வெளுத்திருந்தது.

"ஹார்வி, தோய்மி இன்னிக்கு வருவாரா?"

"அதோ."

வெளியே ஒரு பழைய பிக்கப் நின்றது. தோய்மி, எழுபதை நெருங்கும் ஒல்லி மனிதர், பிளாஸ்க்கோடு வந்தார். ஹார்வி அன்றைக்கு அவரை உள்ளே விட்டதும் நன்றி சொல்லக்கூட மறந்து வேகமாகப் படகை நோக்கி நடந்தார். நேராக வந்தால் இருபதடி. அவர் பின்பக்கமாகச் சுற்றி வந்தார்.

இல்மா டுவேனின் கையில் ராட்செட் ஸ்பேனரைத் திணித்தாள். காதோடு சொன்னாள்: "இடது மூடி போல்ட்டுல வை. சும்மா பின்பக்கமா ஆட்டி கிளிக் சத்தம் மட்டும் கேட்கட்டும். போல்ட் அரை மயிரிழை அசையக் கூடாது. மூடிக்கு நேரா நிக்காதே."

"ஏன்?"

"செய்."

அவனுக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. நாள் முழுக்க ஓட்டு, நில், குனி, செய். இருந்தாலும் பக்கவாட்டில் நின்று ராட்செட்டை வைத்தான்.

"தோய்மி," இல்மா சாவகாசமாகச் சொன்னாள், "பேட்டரி நம்பர் வேணுமாம் கம்பெனிக்கு. இடது மூடியைக் கழட்டுறோம். ஒரு கை பிடிக்கிறீங்களா?"

கிளிக், கிளிக், கிளிக்.

"இப்ப எதுக்கு," என்றார் தோய்மி. "நான் பார்த்துச் சொல்றேனே. ஒரு பத்து நிமிஷம் எனக்குக் குடுங்க."

"உங்களுக்கு எதுக்குச் சிரமம். டுவேன், அடுத்த போல்ட்."

கிளிக், கிளிக்.

பிளாஸ்க் கீழே விழுந்து உருண்டது. "கையை எடுடா. எடுத்துட்டுத் தள்ளி வா. மெதுவா. அது நிறைஞ்சு நிக்குது, ஆறு நாளா நிறைஞ்சு நிக்குது."

டுவேன் ராட்செட்டைப் பூ மாதிரி எடுத்தான். நாலு எட்டு பக்கவாட்டில் நடந்தான். பிறகுதான் திரும்பிக் கேட்டான்.

"நிறைஞ்சுன்னா எவ்வளவு?"

"பதினாலு அங்குல மூடி. பன்னிரண்டாயிரம் பவுண்டு தள்ளுது," என்றாள் இல்மா. "ரெண்டு பிக்கப் டிரக் எடை."

"உங்களுக்குத் தெரியுமா?"

"மேல் வால்வை நகத்தால தொட்டேன். சீறிச்சு."

"நல்லது பாஸ். அடுத்த கேஸ்ல பட்டியலைக் குடுங்க, எந்த எந்த உறுப்பு தேவைன்னு டிக் பண்ணிட்டு வர்றேன்."

தோய்மி டிரெய்லர் சக்கரத்தின்மேல் உட்கார்ந்துவிட்டார். சட்டைப் பையிலிருந்து ஒரு பித்தளை வால்வை எடுத்தார். கருமணல் அப்பிய வலது பக்க வால்வு.

"குளிர்காலத்துல ரெய்னோ ரெண்டு வால்வையும் பிரிச்சான். அலை மோதும்போதெல்லாம் காத்து கசியுது, காத்து சிலிண்டர்ல கால்வாசி வீணாப் போகுதுன்னான். ஸ்பிரிங்குக்கு அடியில ஒரு வாஷர் போட்டான். போதலைன்னு இன்னொண்ணு. வாஷரை நான்தான் குடுத்தேன். ஸ்பிரிங் அசைய இடமே இல்லாமப் போச்சு. கையெழுத்தும் நான்தான் போட்டேன்."

"வால்வு ஸ்பிரிங்கைத் தொடாதேன்னு விதித்தாள்ல எழுதினவரே அவருதானே?"

"அதான். அவன் ரத்தத்துல கிடக்கிறான், எல்லாரும் அவனைச் சுத்தி. எனக்கு ஒண்ணுதான் தோணிச்சு. எழுதின விதியை அவனே மீறினான்னு வெளியில தெரியக் கூடாது. மறந்தான்னா பாவம்னு சொல்வாங்க. மறதிக்குக் கம்பெனியும் காசு குடுக்கும், புத்திசாலித்தனத்துக்குக் குடுக்காது. வலது பக்கம் காத்து போயிடுச்சு, வால்வை எடுத்துட்டு என் பெட்டியில இருந்த டம்மியை மாட்டிட்டேன். இடது பக்கம் மாத்தப் போனா வால்வு என் முகத்துலயே வரும். மேல இருக்கிற வால்வை அழுத்திக் காத்தை மெதுவா இறக்கணும். அதுக்குள்ள ஹார்வி வந்து சங்கிலி போட்டுட்டான்."

"டம்மின்னதும் யார் மேல விழும்னு யோசிக்கலையா?"

"ரெய்னோ தான்தான்னு ஒத்துக்கிட்டானே."

"யாரைக் காப்பாத்த ஒத்துக்கிட்டாருன்னு நினைச்சீங்க?"

தோய்மி கையிலிருந்த வால்வைத் திருப்பிப் பார்த்தார். சோதனை செய்தது ஐலா என்பது அவருக்குத் தெரியும். அதையும் டம்மியையும் சேர்த்துப் பார்க்க அவருக்கு ஆறு நாள் போதவில்லை.

இல்மா ஹார்வியின் அறையிலிருந்து ஐலாவுக்குப் போன் செய்தாள்.

*

ஐலா பிரஷர் மீட்டரோடு வந்தாள். தோய்மி எல்லாவற்றையும் தானே சொன்னார், தரையைப் பார்த்து. அவள் அழவில்லை. திட்டவில்லை. ஒரே கேள்வி கேட்டாள்.

"இந்த வாஷர் யோசனையை அப்பா வேற யாருக்குச் சொன்னாரு?"

"ரெண்டு பேருக்கு. ஒருத்தன் ஞாயித்துக்கிழமை முங்கப் போறான்."

"இப்பவே போன் பண்ணு."

அவர் ஓடினார். அந்த வயதில் யாரும் அப்படி ஓடி டுவேன் பார்த்ததில்லை.

இல்மா தொண்டையைச் செருமினாள். "ரிப்போர்ட் இன்னும் எழுதலை, ஐலா. டம்மின்னு எழுதினா உங்கப்பாவுக்கு முழுப்பணம். வால்வுன்னு எழுதினா சல்லிக்காசு கிடையாது."

"டம்மின்னு எழுதினா மீதிப் பேர் வால்வைப் பிரிச்சுப் பார்ப்பாங்களா?"

"மாட்டாங்க."

"அப்ப எதுக்குக் கேக்குறீங்க?"

அவள் படகில் ஏறி, மூடிக்கு எதிர்ப்பக்கம் காலை ஊன்றி, மீட்டரைப் பொருத்தினாள். முள் எழுபத்தாறில் நின்றது. சின்னத் திருகைத் திறந்தாள். உருளை பெருமூச்சு விட ஆரம்பித்தது. எழுபது. ஐம்பத்தைந்து. முப்பது. முள் கீழே வர வர அவள் தோளும் இறங்கியது. அவளுக்கே அது தெரிந்ததாகத் தெரியவில்லை. பன்னிரண்டு. நாலு. முள் படுத்தபிறகும் அவள் காதை வைத்து இன்னொரு நிமிடம் கேட்டாள். பிறகு இறங்கி டுவேனிடம் வந்தாள்.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு விடுறீங்களா? எனக்கு ஓட்டக் கை வராது."

டுவேன் கதவைத் திறந்துவிட்டான். ஒரு நையாண்டி நாக்கு நுனிவரை வந்தது. முதல் தடவையாக அதை விழுங்கினான்.

பின்சீட்டில் ஏறிய ஐலா, கார் பாலத்தைத் தாண்டுவதற்குள் கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்கிப்போனாள். முன்சீட்டில் இல்மா ரிப்போர்ட் தாளைத் தொடையில் வைத்து, காரின் குலுக்கலுக்குப் பழகிய கையால் எழுதினாள். சிவப்பு விளக்கில் நின்றபோது டுவேன் எட்டிப் படித்தான். அச்சடித்த கட்டங்கள் நிறைந்திருந்தன. அதற்குக் கீழே, கம்பெனிக்குத் தேவையில்லாத ஓரத்தில், பென்சிலில் அவளுக்காக மட்டும் ஒரு கணக்கு:

வாக்குமூலம் வந்தது மூன்று, செல்லுபடியானது ஒன்று.
இடது உருளை: உள்ளே போனது எழுபத்தாறு, வெளியே விட்டது எழுபத்தாறு, மீதி இல்லை.
கம்பெனி ரெய்னோவுக்குத் தர வேண்டியது: இல்லை.
தோய்மி ஐலாவுக்குத் தர வேண்டியது: ஆறு ராத்திரித் தூக்கம்.
இதுவரை வரவு: இருபது நிமிடம்.